கல்லடிப் பாலம் களவு போன சனிக்கிழமை

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கல்லடிப் பாலத்தைக் காணவில்லை.

பாலம் கல்லடியில் நின்றபடியேதான் நின்றது. காணாமல் போனது அதன் படம். மட்டக்களப்பு நகரத்துக் காப்புறுதிக் கந்தோர் ஒன்றின் ஊழியர்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று கொழும்புத் தலைமையகம் கட்டளை அனுப்பியிருந்தது. ஒற்றுமைக்கு மருந்தாக, ஊரெல்லாம் ஓடிப் படம் பிடிக்கும் போட்டி ஒன்று ஏற்பாடாயிற்று. புதிதாக வேலைக்கு வந்த வதனிதான் அதைத் திட்டமிட்டவள். கோட்டைப் பீரங்கியின் வாய், மணிக்கூட்டுக் கோபுரத்தின் ஒரு முள், காத்தான்குடி வீதிப் பேரீச்ச மரத்தின் அடி என்று துண்டு துண்டாகப் படமெடுத்து அட்டைகளாக்கியிருந்தாள். அட்டையைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே குழுவாக நின்று படமெடுத்து வட்ஸ்அப்பில் போட வேண்டும். அவ்வளவுதான்.

மஞ்சள் தொப்பி போட்ட கூட்டத்தின் முன்னால் வதனி தன் மேசை லாச்சியைத் திறந்து, அட்டைகளைப் பலகையில் குத்திக்கொண்டே போனாள். பாலம் வரவேண்டிய இடத்தில் ஒரு யன்னல் வந்தது. இரும்புக் கிறில், அதில் தகட்டில் வெட்டிய மூன்று மீன்கள். இரண்டு ஒரு பக்கம் பார்த்தன. வலது கரையில் இருந்த மூன்றாவது மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தது.

"இது நான் எடுத்த படமில்ல," என்றாள் வதனி. வாய் தவறிச் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

கொழும்பிலிருந்து பார்வையிட வந்திருந்த மிஸ் பேனையைத் திறந்தா. கூட்டம் முணுமுணுத்தது. மனேஜர் சுதாகரன் மட்டும் கையை வீசினார்.

"பரவாயில்ல, அதையும் தேடுங்கோ. கெதியாப் போங்கோ."

எல்லாரும் ஓடினார்கள். அன்னப்பூரணி ஓடவில்லை. முழங்காலைக் காரணம் காட்டினாள்.

அன்னப்பூரணி அந்தக் கந்தோரின் நட்டஈட்டு விசாரணையாளர். எரிந்த கடைகளையும் நொருங்கிய ஆட்டோக்களையும் பார்த்துப் பார்த்துக் கண் கூர்மையானவள். வாவி முதலை தன் தோணியை விழுங்கிவிட்டது என்று ஒருவர் பணம் கேட்டு வந்தபோது, அந்த முதலையைத் தேடிப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி, அதற்கு ஒரு பல்லும் இல்லை என்று படத்தோடு அறிக்கை எழுதியவள். முதலை ஒத்துழைத்தது என்றும் அறிக்கையில் இருக்கிறது.

"அக்கா," என்று வதனி பக்கத்தில் வந்து குந்தினாள். கண் கலங்கியிருந்தது. "என்ன நிரந்தரமாக்கிறதா, அனுப்புறதா எண்டு அந்த மிஸ் இண்டைக்குப் பின்னேரம் எழுதிப்போட்டுத்தான் பஸ் ஏறுவா. எனக்கு வேண்டின குழுவுக்கு மட்டும் தெரிஞ்ச இடத்த நான்தான் சொருகின எண்டு இப்பவே கதைக்கிறாங்க."

"அழாத புள்ள. லாச்சித் திறப்பு எங்க இருந்த?"

"என்ட கழுத்துச் சங்கிலியில. குளிக்கேக்கயும் கழட்டல்ல."

"லெமினேட் பண்ணினது ஆரு?"

"நான்தான். நேத்துச் சேரிட்ட அனுமதிக்கு வைச்சன், மத்தியானம் திருப்பித் தந்தார். உடன லெமினேட் பண்ணிப் பூட்டினன். ஒரு அட்டையில ஒப்பம் விடுபட்டாலும் சேர் கத்துவார், அதால ஒப்பம் தெரியிற பக்கத்த மேல வைச்சுத்தான் மெசினுக்குள்ள விட்டன்."

மனேஜரின் பச்சை மை ஒப்பம் அந்தக் கந்தோரில் படாத இடமில்லை. கடிதத்தில், கலண்டரில், சீனிப் போத்தலில் எல்லாம் இருந்தது. சுவரிலிருந்த பல்லியின் வாலிலும் இருந்ததென்றும், வால் அறுந்து விழுந்தபோது புது வாலுக்கு மறுபடி அனுமதி வாங்கியதென்றும் காசாளர் நௌஷாட் சத்தியம் பண்ணுவான்.

அன்னப்பூரணி யன்னல் அட்டையைக் கழற்றி முன்னும் பின்னும் பார்த்தாள். முன்னால் மூன்று மீன்கள். பின்னால், எல்லா அட்டைகளையும் போல, பளபளத்த பிளாஸ்ரிக்குக்குள் ஒரு பச்சைக் கிறுக்கல். அட்டையை ரவிக்கைப் பைக்குள் வைக்கிற ஆளில்லை அவள், கைப்பைக்குள் வைத்தாள்.

காலை பத்தரை. நௌஷாட் தண்ணீர்ப் போத்தல் எடுக்கக் கந்தோருக்குள் வந்தான்.

"நௌஷாட், யன்னல் அகப்பட்டதா?"

"இல்ல மிஸ். கோட்ட, கோபுரம், பேரீச்ச மரம் எல்லாம் முடிஞ்சி. இதுதான் உயிர எடுக்குது."

"உன்ட காத்தான்குடி ஊர் முழுக்க யன்னல்தானே. தேடினியா?"

"அதுக்கென்ன, ஒழுங்கை ஒழுங்கையாப் போனம். சும்மா நாளில எங்கட ஊரில ஒருத்தன் தனியா நிண்டு வீட்டு யன்னலப் பார்த்தா, ஆரு நீ, ஆரத் தேடுற எண்டு கேள்வி வரும். இண்டைக்கு மஞ்சத் தொப்பியோட கூட்டமாப் பார்த்தம், குளிர்ச்சோடா தந்து அனுப்புறாங்க!"

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். அன்னப்பூரணி சிரிக்கவில்லை. அவன் சொன்னதை மனதில் ஒரு தரம் திருப்பிப் போட்டாள்.

அவளுடைய மகன் கனடாவில் இருக்கிறான். ஆறு வருடமாகிறது. கிழமைக்கொரு படம் அனுப்புவான். பனி, மரம், எதிர்வீட்டுக் கார். எல்லாம் யன்னலுக்கு உள்ளே நின்று எடுத்தவை. சாப்பிட்ட கோப்பையின் ஓரமோ திரைச்சீலையின் கரையோ படத்தில் அகப்பட்டுவிடும். வெளியில் தெரியும் பனியை விட அந்தக் கரையைத்தான் அவள் பெரிதாக்கிப் பார்ப்பாள். உள்ளே அவன் எப்படி இருக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

பழக்கதோஷத்தில் இந்த அட்டையின் ஓரங்களையும் பார்த்தாள். வெளிச்சம் கிறிலுக்கு அப்பாலிருந்து வந்தது. யன்னல் கொளுக்கி இந்தப் பக்கம் இருந்தது. இடது மூலையில், வெட்டும்போது தப்பிப்போன ஒரு விரற்கடை சிவப்பு. பட்டுச் சேலையின் சரிகைக் கரை.

அவள் எழும்பி மனேஜரின் அறைக்குப் போனாள்.

"சேர், போன வருசம் ஒரு ஸ்ரேப்ளர் காணாமப் போனதுக்கு ஒரு கிழமை விசாரிச்சீங்க."

"அது கந்தோர்ச் சொத்து."

"அட்டையும் கந்தோர்ச் சொத்து. இண்டைக்குக் காலம பரவாயில்ல எண்டீங்க."

"விளையாட்டுத்தானே அன்னப்பூரணி."

"வதனிக்கு விளையாட்டில்ல சேர். அந்தப் புள்ளட வேல."

சுதாகரன் மேசையைப் பார்த்தார். அன்னப்பூரணி தொலைபேசியை எடுத்து நௌஷாட்டை அழைத்தாள். அவருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நௌஷாட், அந்தப் படம் வீட்டுக்கு உள்ள நிண்டு எடுத்தது. நீங்க வெளியில நிண்டு தேடுறீங்க. றோட்டில இருந்து பார்த்தா இடம் வலமா மாறும். வலப்பக்கத்து மீன இடப்பக்கத்தில தேடு."

தொலைபேசியிலிருந்து நௌஷாட்டின் குரல் துள்ளியது.

"யா அல்லாஹ்! மிஸ், காலமயே கண்டம்! தையல் தைக்கிற றஸீனா ராத்தாட வீடு. மூணு மீன்தான், ஆனா ஒத்த மீன் மத்தப் பக்கம் இருக்கெண்டு விட்டுட்டு வந்தம். இந்தா போறன்!"

சுதாகரன் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கா?" என்றார். "உண்மையா இருக்காமா?"

"இருக்காம் சேர். கல்லடிப் பாலம் உங்கட லாச்சிக்குள்ளதானே கிடக்கு?"

அவர் மறுக்கவில்லை. லாச்சியைத் திறந்து பாலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"பூட்டின லாச்சிய ஒருத்தரும் திறக்கல்ல. பூட்ட முதலே யன்னல் உள்ள போயிட்டுது. பின்பக்கத்தில பச்சை ஒப்பம் பிளாஸ்ரிக்குக்கு உள்ள இருக்கு, அப்ப லெமினேட் பண்ண முதல் வைச்சது. அட்டைய மாத்தின கள்ளன் உங்களிட்ட அனுமதியும் வாங்கிட்டா மாத்தினவன்? இந்தக் கந்தோரில உங்கட ஒப்பத்தப் பார்த்துப் பார்த்து எங்களுக்கெல்லாம் அது கண்ணில படாமப் போச்சு. அதான் காலமயிலிருந்து ஒருத்தரும் காணல்ல."

சுதாகரன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"ஒப்பம் வைக்காம விடக் கை கேக்கல்ல," என்றார். பிறகு, யாருக்கோ அறிக்கை வாசிப்பதுபோல, ஒரே சீராகச் சொன்னார்.

நாவலடியில் கடலோரம் அவர் மனைவி தவமலருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. மீன்களை வரைந்தவள் அவள்தான். இரும்பு ஒட்டுக்காரன் மூன்றாவதை மாறி ஒட்டிவிட்டான். திருத்துவோம் என்று இவர் குதித்தார். அவள் விடவில்லை. "ரெண்டு கடலுக்குப் போகட்டும், ஒண்டு வீட்டுக்க நிக்கட்டும்" என்றாள். சுனாமியில் அவளும் போனாள், வீடும் போனது. நிலம் பெண்வழியில் அவள் தங்கைக்கு உரியது. இவருக்கு அங்கே நிற்க ஒரு காரணமும் மிஞ்சவில்லை. அந்த யன்னல் கரையில் எடுத்த கலியாண நாள் படம் ஒன்று மட்டும் வேறொரு வீட்டில் இருந்ததால் மிஞ்சியது; அட்டையில் இருந்தது அதன் துண்டு. இரும்பையெல்லாம் லொறியில் அள்ளிப்போனார்கள் என்று கேள்விப்பட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு முதல் காய்ச்சலோட ஆட்டோவில போகேக்க, காத்தான்குடியில ஒரு ஒழுங்கைக்குள்ள கண்டன். காய்ச்சல்ல கண்டதா, கண்ணால கண்டதா தெரியல்ல. சுகமானதும் போய்த் தேடினன். ரெண்டாம் ஞாயிறே மறிச்சிட்டாங்க. ஆம்பிள தனியா நிண்டு யன்னல் பார்க்கிறான் எண்டா அவங்க கேக்கிறது நியாயம்தானே? என்னெண்டு சொல்லுற? மூண்டு மீனத் தேடுறன் எண்டா?"

"எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே சேர்."

"இருவது வருசமா ஒருத்தரிட்டயும் சொல்லாதத, காலமத் தேத்தண்ணியோட எப்பிடிச் சொல்லுற?"

அன்னப்பூரணி பாலத்தின் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இண்டைக்குச் சொல்லத்தான் வேணும்," என்றாள். "எனக்கில்ல. வெளியில நிக்கிற புள்ளைக்கு."

பின்னேரம் மூன்று மணி. மஞ்சள் தொப்பிகள் வியர்த்து வழிந்துகொண்டு திரும்பியிருந்தன. கொழும்பு மிஸ் வதனியின் மதிப்பீட்டுக் கோவையை மடியில் வைத்திருந்தா. வதனி ஒரு மூலையில், தூக்கிலேற வந்தவள் போல நின்றாள். சுதாகரன் கல்லடிப் பாலத்தைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தார்.

"பாலத்தக் களவெடுத்தது நான்," என்றார். "யன்னல வைச்சதும் நான். வதனியில ஒரு பிழையுமில்ல. அந்தப் புள்ள திட்டம் போட்ட விதத்தாலதான், ரெண்டு வருசமா நான் தேடினது ஒரு காலமைக்குள்ள அகப்பட்டது."

மஞ்சள் தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்தன. ஸ்ரேப்ளர் விசாரணையில் ஒரு கிழமைச் சம்பளம் இழந்த ஆள் மட்டும், "அப்ப பொலிசுக்குச் சொல்லுவமா சேர்?" என்று கேட்டான். முதலில் சிரித்தவர் சுதாகரன்தான். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்க அனுமதி கிடைத்தது.

கொழும்பு மிஸ் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினா. வதனி எட்டிப் பார்த்தாள். 'நிரந்தரமாக்கலாம்' என்ற சொல் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவே மூன்று முறை வாசித்தாள்.

வெயில் சாயும் நேரம். காத்தான்குடியில் நௌஷாட் முன்னால் நடந்தான். அன்னப்பூரணியும் வதனியும் சுதாகரனும் பின்னால். றஸீனாவும் கணவரும் வாசலில் நின்றார்கள்.

"வாப்பா பழைய இரும்புக் கடையில எடுத்த சேர்," என்றாள் றஸீனா. "மீன் மாறி இருக்கெண்டு வில குறைச்சுத் தந்தானாம். உங்கட எண்டா கழட்டித் தாறம்."

சுதாகரன் தலையாட்டினார், வேண்டாம் என்பதற்கான ஆட்டல்.

"உள்ள நிண்டு ஒருக்காப் பார்க்கலாமா?"

தையல் மெசினை ஒதுக்கி இடம் விட்டார்கள். அவர் போய் நின்றார். வெளியிலிருந்து வந்த வெளிச்சத்தில் மீன்கள் மூன்றும் கறுப்பாகத் தெரிந்தன. வலது கரையில் அந்த ஒற்றை மீன். யன்னல் விளிம்பில் பள்ளிக்கூடத்து வெள்ளைக் கவுண் ஒன்று, பாதி தைத்தபடி மடித்துக் கிடந்தது.

அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று அன்னப்பூரணி பார்க்கவில்லை. தன் தொலைபேசியை எடுத்து, உள்ளே நின்றபடியே யன்னலைப் படமெடுத்தாள். ஓரத்தில் மனேஜரின் சட்டைக் கை அகப்பட்டது. வெட்டாமல் மகனுக்கு அனுப்பினாள்.

சுதாகரன் சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனையை எடுத்தார். பழக்கம். மூடியைக் கழற்றினார். மீனைப் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டுப் பையிலே வைத்துக்கொண்டு, தையல் தொடரட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டார்.