மூன்றாவது உபசாரம்

லோர்கனும் அவன் கூட்டாளி டெக்லனும் வந்து சேர்ந்தபோதும் மழை விடவில்லை. கிளேர் மாவட்டத்து நவம்பர் மழை அப்படித்தான். ஓங்கிக் கொட்டவும் செய்யாது, ஓயவும் செய்யாது. பின்கதவில் நின்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டே லோர்கன் மூக்கை உறிஞ்சினான்.

"என்ன வாசனை இது? முள்மரம் பூத்திருக்கா?"

"நவம்பர்ல எந்த முள்மரம்டா பூக்கும்? உள்ள வா, குளிர் ஏறுது," என்றாள் அவன் அக்கா ப்ரோனா.

அந்தப் பழைய வீட்டை அவள் எடுத்ததே வேலைக்காகத்தான். கதை ஆட்டங்கள் எழுதுவது அவள் பிழைப்பு. ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிப் பேசுவார்கள். இக்கட்டான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். இப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தது, காட்டுவழியே போகிறவர்கள் 'அந்தக் கூட்டத்து' சீமாட்டி ஒருத்தியிடம் மாட்டிக்கொள்ளும் இடம். அந்த ஊரில் 'அந்தக் கூட்டம்' என்றுதான் சொல்வார்கள். மண்மேட்டுக்கு அடியில் குடியிருக்கும் மாய மனிதர்களைப் பேர் சொல்லிப் பேச மாட்டார்கள்.

டெக்லன் மேஜையில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்தான். வட்டமான மேடு. நடுவே ஒற்றை முள்மரம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வயலில் அதே மேடு, அதே மரம்.

"ஏய், இதையேவா வரைஞ்சு வச்சிருக்க? எங்கப்பா அந்தப் பக்கம் டிராக்டரைக்கூடத் திருப்ப மாட்டாரு."

"உங்கப்பாவுக்குப் பயம் இருக்கு. எனக்குத் திங்கட்கிழமை கெடு இருக்கு. உக்காரு."

பொறி எங்கே என்று அவர்களிடம் அவள் சொல்லவில்லை. சோதனையே அதுதானே. சீமாட்டி மூன்று தடவை பால் வேண்டுமா என்று கேட்பாள். மூன்றாவது தடவை சரி என்று வாங்கியவனின் பேர் அவளுக்குப் போய்விடும். அந்த ஊர்க்காரன் எவனும் முதல் தடவையே கைநீட்ட மாட்டான். இரண்டு தடவை வேண்டாம் என்பான், மூன்றாவது தடவை கேட்டால்தான் நிஜமாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மரியாதையில்தான் ப்ரோனா கண்ணி வைத்திருந்தாள்.

"ஆரம்பிங்க தெய்வமே," என்றான் லோர்கன், பகடையை உள்ளங்கையில் குலுக்கியபடி.

ப்ரோனா குரலைத் தாழ்த்தினாள். "பயணியே, ஒரு வாய் பால் குடிக்கிறியா?"

"ஐயோ வேண்டாங்க. இப்பத்தான் சாப்பிட்டேன்."

"கொஞ்சமாவது?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். வாயில் தண்ணீர் இருந்தது.

"களைச்சுப் போயிருக்க கண்ணு. ஒரே ஒரு வாய்."

குரல் மேஜையின் கோடியிலிருந்து வந்தது.

அங்கே காலி நாற்காலி.

லோர்கன் நிமிரவில்லை. அக்கா நன்றாக நடிக்கிறாள் என்றுதான் நினைத்தான். "இவ்வளவு வற்புறுத்தினா எப்படி... சரி, குடுங்க."

அவன் கையிலிருந்து நழுவிய பகடை உருளாமலே நின்றது. முள்பூவின் வாசனை, மழையில் எதுவோ அழுகினாற்போல, அறையை நிறைத்தது. அவன் தலை நிமிர்ந்தபோது மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.

"ப்ரோனா," டெக்லன் கிசுகிசுத்தான். "அது நீ இல்லையா?"

அவள் தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

சைக்கிளிலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டவன், அவளுடைய சாக்லேட்டைத் திருடித் தின்றவன், எல்லாம் நினைவில் இருந்தது. பேர் இருந்த இடம் மட்டும் பல் பிடுங்கின ஈறு மாதிரி மழுங்கிக் கிடந்தது.

"டேய். உன் பேரைச் சொல்லு."

"என் பேரா?" அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "என்கிட்ட ஒண்ணு இருந்துச்சே..."

டெக்லன் செல்போனை எடுத்துப் பார்த்தான். கூட்டாளியின் எண் இருந்தது. அதற்கு மேலே வெறுமை.

தம்பி எழுந்தான். யாரோ வெளியே கூப்பிட்டதுபோல பின்கதவைப் பார்த்து நடந்தான். ஜன்னலுக்கு அப்பால், மழைக்குள், முள்மரத்தடியில் ஒரு வெளிச்சம்.

"ஓடிடலாம், ப்ரோனா. அவனை இழுத்துட்டு ஓடிடலாம்."

"என் வீட்டை விட்டு நான் எதுக்குடா ஓடணும்? அவனைப் பிடி."

டெக்லன் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பிடித்த ஆளையும் இழுத்துக்கொண்டு அவன் நகர்ந்தான்.

ப்ரோனா கெட்டிலைப் போட்டாள். தேநீரை ஊற்றி, பால் விட்டு, கோடி நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள்.

"காட்டுல நீங்க வீட்டுக்காரி. இங்க நான் வீட்டுக்காரி. இங்க உபசாரம் பண்றது என் வேலை. டீ குடிக்கிறீங்களா?"

கோப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"வேண்டாம்மா. சிரமப்படாத."

சீமாட்டியும் அந்த ஊர்க்காரிதான்.

"சூடா இருக்கு. அரைக் கப்பாவது?"

"வேண்டாம்..." குரலில் பசி இழுத்தது. "இப்பத்தான்..."

மூன்றாவது தடவை கேட்காமல் ப்ரோனா வாயை மூடிக்கொண்டாள்.

தேநீரின் ஆவி மேலே போகவில்லை. நாற்காலிப் பக்கமாக வளைந்து போனது. நாற்காலி முனகியது.

கதவுத் தாழ்ப்பாளில் தம்பியின் கை.

"எடுத்ததைத் திருப்பி வைங்க," என்றாள் ப்ரோனா. "வச்சா மூணாவது தடவை கேப்பேன். சத்தியம்."

தாழ்ப்பாள் தூக்கிக்கொண்டது. குளிர்காற்று உள்ளே வந்தது.

"லோர்கன்," என்றது குரல், மனமில்லாமல்.

"என்ன?" லோர்கன் திரும்பினான். "யாரு கூப்பிட்டா? டேய் டெக்லன், எதுக்குடா என்னைக் கட்டிப் பிடிச்சிருக்க?"

வெளியே வெளிச்சம் அணைந்தது.

நாற்காலி மெல்ல முன்னுக்கு நகர்ந்து, கோப்பைக்கு எதிரே நின்றது. காத்திருந்தது.

ப்ரோனா கோப்பையை எடுத்தாள். நின்றபடியே, ஒவ்வொரு வாயாக, கடைசிச் சொட்டு வரை தானே குடித்தாள்.

"கேப்பேன்னுதான் சொன்னேன்," என்றாள். "எப்பன்னு சொல்லலையே."

"அடிப்பாவி," என்று டெக்லன் முனகினான்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லி இருவரும் மன்றாடினார்கள். அவள் அசையவில்லை. இப்போதெல்லாம் அந்த வீட்டுக்கு யார் போனாலும் தேநீர் வேண்டுமா என்று இரண்டு தடவைதான் கேட்பாள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுவாள். கஞ்சப் பிசினாறி என்று ஊரில் பேர். லோர்கன் மட்டும் வாசலில் கால் வைக்கும்போதே, "எனக்கு வேணும்!" என்று கத்திக்கொண்டு வருவான்.

நேற்றும் வந்திருந்தான். கெட்டில் கொதிக்கத் தொடங்கியதும் முள்பூ வாசனை வந்தது. கோடியில் இருந்த நாற்காலி எப்போதோ அவளுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

ப்ரோனா பேச்சை நிறுத்தவில்லை. காலை நீட்டி அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

ஒற்றைக் காலால் முடியவில்லை. இரண்டு காலையும் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.