மானுக்குப் பின்னால் மலை

காலை 9.10. தம்பி கேமரா பையைத் திறந்தான். தூரத்து விலங்கைக் கிட்டக் காட்டும் 600 எம்.எம். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

வனத்துறையில் ஒரே ஒரு புகைப்படக்காரர் வேலை. ஏரிக்கரையில் எடுத்த விலங்குப் படத்தை மாலை ஐந்துக்குள் கொடுக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு வந்த இருவரும் ஒரே குடும்பம்: விலங்குகளை எடுக்கும் தம்பி, மலையும் வானமும் எடுக்கும் அவன் அக்கா கணவர். லென்ஸ் கிடைக்காவிட்டால் தம்பிக்கு வேலை இல்லை.

10.30. அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு வந்த பெண் இன்ஸ்பெக்டர் அறைக் கதவைப் பார்த்தார். பூட்டு உடையவில்லை. தம்பி, அக்கா, அவள் கணவர் மூவருக்கும் ஒரே சாவி. அக்கா கணவரின் பையில் அகலக் காட்சிகளுக்கான 24 எம்.எம். லென்ஸ் மட்டும். இருவர் கேமராவும் ஒரே கம்பெனி; ஒருவர் லென்ஸ் மற்றவருக்கும் பொருந்தும்.

தம்பி ஏழு மணி வரை தூங்கினான், கணவர் விடியுமுன்பே ஏரிக்குப் போய்விட்டார் என்றாள் அக்கா. வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பியின் படங்களைத்தான் காட்டுவாளாம். கணவரின் படங்கள்?

"அது காலண்டர் மாதிரி இருக்கும் மேடம்" என்று சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை.

காலையில் என்ன எடுத்தார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் கைபேசியை நீட்டினார். தண்ணீர் குடிக்கும் மான். இமை முடியை எண்ணிவிடலாம். அதன் பின்னால் எதிர்க்கரை மலை, மதில் மாதிரி.

"என் 24தான் மேடம். பத்தடியில சேத்துல படுத்துக் கிடந்தேன். இவன மாதிரி எட்ட ஒளிஞ்சு நின்னு எடுக்கிற பழக்கம் நமக்கில்ல."

அக்கா எட்டிப் பார்த்தாள். "நீங்களா எடுத்தீங்க? தம்பி எடுத்த மாதிரியே இருக்கே."

இன்ஸ்பெக்டர் வாசல் சுவரில் ஒரு டம்ளரை வைத்து, அதற்குப் பக்கத்தில் கணவரை நிற்கச் சொன்னார். டம்ளர் பெரிதாகவும், தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி பொடியாகவும் தெரிந்தன. பத்தடி பின்னால் போகச் சொன்னார். டம்ளர் சுருங்கியது. தொட்டி அப்படியே இருந்தது.

"எட்டப் போனா கிட்ட இருக்கிறதுதான் சுருங்கும், தூரத்துல இருக்கிறது மாறாது. பத்தடியில இருந்து எடுத்திருந்தா மலை மானோட முழங்கால் உசரம்தான் வரும். இதுல மானையே தாண்டி நிக்குது. எடுத்தவர் ரொம்ப தூரத்துல இருந்திருக்கார்."

கணவர் உதட்டை நனைத்துக்கொண்டார். கிட்டப் போனதாகச் சொன்னது சும்மா பெருமைக்கு என்றார். தூரத்திலிருந்து எடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டிப் பெரிதாக்கினாராம்.

"அவ்வளவு தூரத்துல 24ல மான் எறும்பு சைஸ்லதான் விழும். வெட்டிப் பெருசாக்கினா புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்கும். இமை முடி எங்கிருந்து வரும்? அதுக்குப் பெரிய லென்ஸ் வேணும் சார். இங்க இருந்த ஒரே பெரிய லென்ஸ், காணாமப் போனது. அந்த லென்ஸ எடுத்தது நீங்கதான்."

12.15. கணவரின் கார் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் லென்ஸ் கிடைத்தது. புகார் வேண்டாம் என்றான் தம்பி. அக்கா லென்ஸைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"கிளம்புடா. அஞ்சு மணிக்குள்ள படம் குடுக்கணும்."

கணவர் பக்கம் திரும்பவேயில்லை. தம்பி நகரவில்லை.

"மாமா, கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும் மாப்ளே" என்றார் அவர். "கேட்டா குடுத்திருப்பே. அதனாலதான் கேக்கல."