மூன்றாவது தொண்டை

மாடியில் குடியிருக்கும் கிழவர் ஓக்கேயின் குரல் பதிவை ஃபெம்கே கேட்டுக்கொண்டிருந்தாள்; குரலுக்கு அடியில் தடதடவென்று ஏதோ மரத்தில் அடிபடும் சத்தம் இருந்தது. அது இருக்கவே கூடாது. ஃபெம்கேயின் தம்பி யெல்மர், பதிவு செய்யும்போது சுவர்க்கடிகாரத்தைக்கூட நிறுத்திவிடுகிற ஆள்.

நெதர்லாந்தின் லேவார்டன் ஊரில் கால்வாயை ஒட்டிய அந்த வீட்டில் அக்காளும் தம்பியும் பதினோரு வருடமாக ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே சொல், தொனி மாறினால் பொருள் மாறிவிடும். ஊர் சிரித்தது; சிரிக்கட்டும். புதுத் தொனியை மூன்று தொண்டைகள் சொல்ல வேண்டும், கணினித் திரையில் மூன்று குரல்களின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்பது அவர்கள் விதி. யெல்மர், ஃபெம்கே, ஓக்கே. நான்கு தொனிகள் அப்படித்தான் பட்டியலில் ஏறின.

இது ஐந்தாவது. இறங்கி, உடைந்து, மூச்சே இல்லாத இடத்தில் போய் முடிந்தது.

ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருக்க, காப்பி ஆறிக்கொண்டிருக்க, மாடிப்படியிலிருந்து இரண்டு நாளாக இறங்கிவரும் அந்தக் குமட்டும் இனிப்பு வாடை அறைக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. எலி செத்திருக்கும் என்று நினைத்திருந்தாள். ஓக்கேயின் செருப்புச் சத்தம் செவ்வாய்க்கிழமையிலிருந்து இல்லை. மைக்கில் அந்தத் தொனியை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"கிட்ட வந்துட்டே அக்கா. இன்னும் கொஞ்சம் கீழ."

"என் தொண்டை அவ்வளவு இறங்காதுடா. நாளைக்குப் பாப்போம்."

"அவரும் இதையேதான் சொன்னாரு. கிழவர் என்னா முரண்டு புடிச்சாரு தெரியுமா!"

சிரித்தான். சிரிப்பு கரகரத்தது. வீட்டுக்குள்ளும் அவன் கழற்றாத கழுத்துத்துணி நழுவியது. கழுத்தைச் சுற்றிக் கருநீலமாக ஒரு தடம்.

முதல் கோடு, யெல்மருடையது, எப்படி வந்தது என்று அவளுக்குப் புரிந்தது. அந்தத் தடதடப்பு ஓக்கேயின் குதிகால்கள் என்பதும் புரிந்தது.

ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. காப்பிக் கோப்பையால் அவன் வாயில் அடித்தாள். பல் உடைந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, மைக்கை அவள் பக்கம் திருப்பினான்.

"அசையாத அக்கா. சத்தம் பதிவாகும்."

அவள் கழுத்தில் துணி இறுகியது. கீறினாள். அவன் கன்னத்துத் தோல் நகத்தோடு வந்தது. கடித்தாள். விடவில்லை. அவள் குதிகால்கள் மரத்தரையில் தடதடத்தன.

அவளுடையதல்லாத ஓர் ஓசை அவளுக்குள்ளிருந்து வெளியேறியது.

திரையில் மூன்றாவது கோடு இறங்கியது. உடைந்தது. மற்ற இரண்டின்மேல் மயிரிழை பிசகாமல் படிந்தது. அவள் கண்கள் அதைப் பார்த்தபடியே இருந்தன. பின்னால் யெல்மர் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதான். கோடு நின்ற பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.