புளி குடோனில் எடுத்த நாற்பத்தெட்டு படங்கள்

காஜா பாய் சாவியைக் கையில் கொடுக்கும்போதே ஒன்று சொன்னார்.

"குடோன் பூரா பொழங்கிக்கோங்க. அந்த வடக்கு மூலையில மட்டும் நாங்க மூட்டை அடுக்கறதில்லீங்க."

"ஏங்க பாய்?"

"எங்க அப்பா அடுக்கல. அதனால நானும் அடுக்கல. அவ்ளோதாங்க எனக்குத் தெரியும்."

இதெல்லாம் ஒரு காரணமா என்று எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. அடுக்காவிட்டால் போகட்டும், எங்களுக்கு இடம் மிச்சம். 1986 ஆகஸ்ட் மாதம் அது. கடத்தூரிலிருந்து பொம்மிடி போகும் சாலையில், சீசன் முடிந்து காலியாகக் கிடந்த புளி குடோன். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் உங்கள் கை உங்களுக்குத் தெரியாது. பழைய புளியின் வாடை நாக்குக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நானும் என் தம்பி சவரியப்பனும் ஊர் ஊராகத் தேடி அலைந்தது அப்படி ஒரு இருட்டுக்காகத்தான்.

நாங்கள் எடுத்தது பொம்மைப் படம். பொம்மையை ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும், காமிராவில் ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும், மறுபடி ஒரு நூல் நகர்த்த வேண்டும். இப்படி இருபத்துநான்கு படம் சேர்ந்தால் திரையில் ஒரு நொடி. வெளியிலிருந்து கொஞ்சம் வெயில் உள்ளே விழுந்தாலும் அன்றைய வேலை அத்தனையும் பாழ். பொம்மையை நகர்த்துகிறவன் சவரி. காமிராவுக்குப் பின்னால் உட்கார்ந்து டக்கு, டக்கென்று பட்டனை அமுக்குகிறவள் நான், தெரசா. தினமும் தர்மபுரியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவோம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவோம்.

சவரி மெட்ராஸில் ஓவியம் படித்துவிட்டு ஆறு வருஷம் பம்பாயில் கிடந்தவன். பல்பொடி விளம்பரத்தில் பல் ஆடும், சோப்பு விளம்பரத்தில் குமிழி பாடும். எல்லாம் அவன் கைவேலை. ஒன்றிலாவது அவன் பேர் வந்ததா? ம்ஹூம். அதனால்தான் டெல்லி டெலிவிஷனுக்கென்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தொடரை உருவாக்கினோம். காரிமங்கலம் சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய ஒரு வெள்ளாடு, வாரம் ஒரு ஊராகத் திரிந்து, பதின்மூன்றாவது வாரம் தீர்த்தமலை உச்சிக்குப் போய்ச் சேர்கிற கதை. டிசம்பர் பதினாறுக்குள் ஐந்து நிமிட மாதிரி கேட்டிருந்தார்கள். பிடித்தால் தொடர். பிடிக்காவிட்டால் மறுபடி சோப்புக் குமிழி.

"இது மட்டும் தவறிப்போச்சுன்னா நான் இனி பொம்மையைத் தொடவே மாட்டேன்க்கா" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் தம்பியை எனக்குத் தெரியாதா?

முதல் நான்கு நிமிடத்தை வெறும் சுவருக்கு முன்னால் எடுத்தோம். ஒரு குறையும் இல்லை. கடைசிக் காட்சிக்கு மலை பெரிதாக வேண்டியிருந்தது. செட்டை வடக்கு மூலைக்கு முன்னால் போட்டோம். மூலையின் இருட்டே மலைக்குப் பின்னால் வானமாக இருக்கட்டும் என்று அவன் சொன்னான். அருமையான யோசனைடா என்று மெச்சினேன். என் வாயை அடிக்க வேண்டும்.

வோல்டேஜ் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால் படம் சரியாக விழுந்திருக்குமா என்று எனக்கு ஒரு பயம். அதுவரை எடுத்ததை மட்டும் வெட்டி மெட்ராஸ் லேபுக்கு அனுப்பினேன். பதினோரு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பிலிம் பஸ் பார்சலில் வந்தது. கையால் சுற்றிப் பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. குடோனிலேயே வைத்துச் சுற்றினேன்.

ஆடு அழகாக நடந்தது.

"சவரி, மலைக்குப் பின்னால என்னடா அது?"

மூலையில் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். புளி உடைக்க உட்காரும் பெண்களைப் போல, முழங்காலுக்கு நடுவே தலையைத் தொங்கப் போட்டிருந்தாள். நான் நிமிர்ந்து மூலையைப் பார்த்தேன். காலி. குனிந்து பிலிமைப் பார்த்தேன். இருந்தாள்.

மேலே சுற்றினேன்.

தலையைத் தூக்கினாள்.

தரையில் கையை ஊன்றி எழுந்தாள். எங்கள் பக்கமாக இரண்டு எட்டு வைத்தாள். அத்தோடு பிலிம் தீர்ந்தது.

சவரியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பாவி, தொழில்காரன் பேச்சைத்தான் பேசினான். "எப்படி நடக்கறா பாருக்கா. ஒரு இடத்துலகூட நடை விட்டுப்போய்க் குதிக்கல."

அவன் சொன்னது எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் தலையைத் தூக்கியது முதல் அந்த இரண்டு எட்டு வரை எடுக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. நடுவில் சாப்பிட்டோம், வீட்டுக்குப் போய்த் தூங்கினோம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்தோம். அவ்வளவு நேரமும் அவள் தூக்கிய காலைத் தூக்கியபடியே இங்கே நின்றிருக்கிறாள். ஒவ்வொரு தடவை நான் அமுக்கியபோதும் ஒரு நூல் நகர்ந்திருக்கிறாள்.

நான்தான் அவளை நடக்க வைத்திருக்கிறேன்.

"அனுப்பின பிறகு எத்தனை எடுத்தோம்?" என்று அவன் கிசுகிசுத்தான்.

நோட்டைப் பார்த்தேன். ஆயிரத்து எண்பது படம். நாற்பத்தைந்து நொடி. அவள் கடைசியாக நின்ற இடத்திலிருந்து செட்டுக்குப் பத்து எட்டு தூரம் இருக்கும். சாவகாசமாக நடந்தாலும் எட்டு நொடி போதும்.

மிச்சம் முப்பத்தேழு நொடி?

அப்போதுதான் கவனித்தேன். பழைய புளி வாடை போய், அப்போதுதான் உடைத்த புளியின் ஈர வாடை அடித்தது. மிகவும் கிட்டத்தில் அடித்தது.

"கெளம்புடா" என்றேன்.

"இன்னும் நாப்பத்தெட்டே படம்க்கா. ஆடு தலையைத் திருப்பிப் பார்த்துட்டா முடிஞ்சுது."

"உனக்கென்ன பைத்தியமா? அவ எங்க நிக்கறான்னு தெரியுமா? உன் பக்கத்துல நிக்கறாடா!"

"செட்டைக் கலைச்சா மறுபடி எடுக்க முடியாதுக்கா. நாலு நாள்தான் இருக்கு." கெஞ்சினான்.

"நான் அமுக்க மாட்டேன். காஜா பாயைக் கூட்டிட்டு வரேன். அவர் வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் வெளிய நில்லு, எதையும் தொடாத."

சரி என்று தலையாட்டினான். ஆறு வருஷம் பேரில்லாமல் கிடந்தவனை நம்பி விட்டுவிட்டுப் போனேனே, நானெல்லாம் ஒரு அக்காவா?

காஜா பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். பள்ளிவாசல் வாசலிலேயே காத்திருந்து கையோடு அழைத்து வந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. பாய் தள்ளித் திறந்தார். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆட்டுப் பொம்மையின் தலை முழுதாகத் திரும்பியிருந்தது. காமிராவிலிருந்து நீளும் கேபிள் பட்டன் செட்டின் ஓரத்தில் கிடந்தது. அவன் டீ கிளாஸ் இன்னும் சூடாக இருந்தது.

அவன் இல்லை.

டெல்லி கெடுவுக்குப் பயந்து பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று போலீஸ் எழுதி மூடியது. நான் காமிராவில் இருந்த பிலிமை நானே மெட்ராஸுக்கு எடுத்துப் போனேன். லேப் வாசலிலேயே உட்கார்ந்திருந்து வாங்கினேன்.

அந்த முப்பத்தேழு நொடியும் அவள் மலைக்குப் பக்கத்தில் குனிந்து ஆட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாற்பத்தெட்டில் ஆடு தலையைத் திருப்பியது. அவளும் திருப்பினாள். அவள் கை படத்துக்கு வெளியே போயிற்று. திரும்பி வந்தபோது அதில் என் தம்பியின் மணிக்கட்டு இருந்தது. அவன் உள்ளே வந்தான். இரண்டு பேரும் முதுகைக் காட்டி மூலையைப் பார்க்க நடந்தார்கள். ஒரு எட்டு வைத்து, அடுத்த எட்டுக்கு அவன் காலைத் தூக்கியதோடு பிலிம் முடிந்தது.

செத்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவன் சாகவில்லை. தூக்கிய காலோடு அங்கே நிற்கிறான். நான் அமுக்காமல் அவன் காலைக் கீழே வைக்கக்கூட முடியாது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் குடோன் சாவியை மறுபடி வாங்கினேன். டெல்லிக்கு எதையும் அனுப்பவில்லை. தினமும் பகலில் போய் உட்கார்ந்து, காலி மூலையைப் பார்த்து ஒவ்வொரு படமாக எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் "சவரி, திரும்புடா கண்ணு" என்று சொல்லி அமுக்கினேன். முதல் பிலிம் வந்தது. மூலைக்கு இரண்டு எட்டு தூரம் இருக்கும்போது நின்றிருந்தான். இரண்டாவதில் கழுத்து திரும்பியது. லேபில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மூன்றாவது பிலிம் 1988 மார்ச்சில் வந்தது. அவன் என்னைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தான். அவளும் கூடவே வந்தாள், மணிக்கட்டை விடாமல். முகம் தெரியும் தூரத்துக்கு வந்ததும் அவன் வாயைத் திறந்தான்.

பொம்மைகளின் வாயசைவை ஒவ்வொரு படமாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. உதடு எங்கே விரியும், எங்கே ஒட்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு தடவை சுற்றிப் பார்த்தேன். ஆறு தடவையும் அதையேதான் சொன்னான்.

"அக்கா, அமுக்காத."

அந்தப் பிலிமை லேபுக்கு அனுப்பிய பிறகு நான் நானூற்றுப் பன்னிரண்டு தடவை அமுக்கியிருந்தேன்.

காமிராவைத் தொடக்கூடத் துணிவில்லை. இருந்தது இருந்தபடி விட்டு, குடோனைப் பூட்டி, சாவியைக் காஜா பாயிடம் கொடுத்துவிட்டு தர்மபுரிக்கு வந்துவிட்டேன். இனி சாகும்வரை அமுக்க மாட்டேன் என்று பைபிள் மேல் சத்தியம் செய்தேன்.

நேற்று மத்தியானம் காஜா பாய் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏம்மா, நீங்க ஊர்லதான இருக்கீங்க? கடத்தூர் பக்கம் வரலியே?"

"இல்லீங்களே பாய். ஏங்க?"

"குடோன் பூட்டினபடிதாங்க இருக்கு. ரெண்டு நாளா உள்ள டக்கு, டக்குன்னு கேக்குதுங்க. விட்டு விட்டு."

காமிராவில் இன்னும் மூவாயிரம் படத்துக்குப் பிலிம் இருக்கிறது.