நிறுத்தச் சொல்லும் சைகை

மெஷினை நிறுத்த என்ன சைகை என்று கோமளா கேட்டதும், பதினொரு பெண்களும் ஒரே நேரத்தில் வலது கையைப் பின்னால் கொண்டுபோய்த் தங்கள் ஜடையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்கள்.

அவள் சொல்லிக்கொடுத்தது அதுவல்ல. மூடிய கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும் என்றுதான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியநாயக்கன்பாளையத்து ரோட்டோரம் இருந்த அந்த நூல் மில்லில் மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டால் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. புதிதாகச் சேரும் பெண்கள் முதலில் கையால் பேசப் பழக வேண்டும். இரண்டு விரல்களைக் கத்தரி போல் ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையை வீசினால் ஒன்றுமில்லை, வேலையைப் பார். ஒருத்தி சைகை காட்ட மற்றவர்கள் அர்த்தம் சொல்ல வேண்டும், தோற்றவள் பாட்டுப் பாட வேண்டும் என்று வகுப்பு ஒரே சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இத யாரு சொல்லிக் குடுத்தது?"

கோபிசெட்டிபாளையத்துப் பக்கமிருந்து வந்திருந்த குழந்தையம்மாள் திருதிருவென்று விழித்தாள். "நீங்கதானுங்க மேஸ்திரியம்மா. இப்பத்தானுங்களே சொல்லிக் குடுத்தீங்க?"

அந்தச் சைகையைக் கோமளா தன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏழாம் நம்பர் மெஷினருகே, ராசாத்தாள் என்ற புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். புதுப் பெண்கள் பயந்துபோய் அடிக்கடி மெஷினை நிறுத்தச் சொல்கிறார்கள், அதனால் நிறுத்தும் சைகையை மூன்றாம் நாள் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பது மானேஜர் வெங்கடபதியின் உத்தரவு. கோமளாவும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருந்தாள். ஜடை பெல்ட்டில் சிக்கியபோது ராசாத்தாளுக்குத் தெரிந்த சைகை எதுவும் உதவவில்லை; ஜடையைப் பிடித்து இழுத்து இழுத்துக் காட்டினாள். அந்தக் கோடியிலிருந்து பார்த்த கோமளா, சிங்காரி, இங்கேயும் வந்து தலைமுடியைச் சரிபண்ணுகிறாளாக்கும் என்று சிரித்தபடி உள்ளங்கையை வீசிக் காட்டினாள். ஒன்றுமில்லை, வேலையைப் பார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே அந்தப் பெண் செத்துப்போனாள். வேலை பிடிக்காமல் நின்றுவிட்டதாக மில் பதிவேட்டில் எழுதினார்கள். அன்றிலிருந்து ஏழாம் நம்பர் மெஷின் சும்மா கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வெங்கடபதி வந்தார்.

"ஏனுங்க மேஸ்திரியம்மா, சங்கு ஊதுனதும் ஏழாம் நம்பர ஓட்டிப்போடலாம். உங்க புதுப் புள்ளைகளையே அதுல நிறுத்துங்க."

"நிறுத்த மாட்டேனுங்க."

"என்ன அம்மணி, நீங்களும் பேய் பிசாசுன்னுக்கிட்டு..."

"பேய் இல்லீங்க. நானும் நீங்களுமாச் சேந்து ஒரு புள்ளையக் கொன்னுபோட்டோம். அத இவங்களுக்கு இப்பவே சொல்லப்போறேன்."

"அப்ப நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

"நாளைக்குத்தானுங்களே? இன்னைக்கு நாந்தான் மேஸ்திரி."

பெண்களை அழைத்துக்கொண்டு நேராக ஏழாம் நம்பருக்கு முன்னால் போய் நின்றாள். கூரைக் கண்ணாடி வழியே மத்தியான வெயில் வெள்ளையாக இறங்கியது, அதில் பஞ்சுத் தூசி கீழே விழாமல் மிதந்தது, எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை, விளக்கில் மயிர் கருகினால் வருமே அது, மெல்ல மெல்ல மேலே வந்தது.

"இங்க ஒரு புள்ள செத்துப்போச்சு கண்ணுகளா. அவ பேரு ராசாத்தாள். தப்பு என்னோடது. இந்த மெசின ஒருத்தியும் தொடக் கூடாது."

மெஷினில் நூல் சுற்றும் கதிர்களில் ஒன்று மட்டும் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. கோமளா சுவிட்சைப் பார்த்தாள். அது அணைக்கப்பட்டுத்தான் இருந்தது.

சங்கு ஊதியது. மற்ற மெஷின்கள் எல்லாம் உறுமிக்கொண்டு கிளம்பின. ஏழாம் நம்பரும் கிளம்பியது. அவள் கைகளை விரித்துப் பெண்களை வாசல் பக்கம் தள்ளினாள். போங்கள், போங்கள். ஓடினார்கள். எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்று. எல்லோரும் வாசலில்.

ஓடித் தப்பலாம். ஆனால் நாளைக்கு அவள் இருக்க மாட்டாள், மெஷின் இருக்கும், பெண்களும் இருப்பார்கள். கோமளாவுக்கு ஆத்திரம் பொங்கியது. குனிந்து, சுற்றுகிற பெல்ட்டைக் கழற்ற வெறுங்கையால் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"என்னைய வேணா எடுத்துக்க ராசாத்தா! இவங்களத் தொட உட மாட்டேன்!"

கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பெல்ட் நெளிந்தது. பாதி கழன்றது. அவள் விடவில்லை.

தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது. பிறகு கொண்டை. யாரோ நிதானமாக, பின்னலைப் பிரிப்பதுபோல.

முடி இழுபட்டது. தலை சாய்ந்தது. ஒரு கை பெல்ட்டை விடவில்லை. இன்னொரு கை பின்னால் போனது. முடியைப் பிடித்தது. இழுத்தது. மறுபடி இழுத்தது.

வாசலைப் பார்த்தாள்.

பதினொரு பெண்களும் வரிசையாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். பதினொரு உள்ளங்கைகள் ஒன்றாக உயர்ந்து வீசின.

ஒன்றுமில்லை. வேலையைப் பார்.