பரணில் முடிந்த குழாய்

மாமியார் வீட்டுக்காரர்கள் குடிபோன புது இடத்தைப் பார்க்க மனைவியோடு போன மாப்பிள்ளை, பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மாப்பிள்ளை முறுக்கு யாரை விட்டது? வீடு பழசு. சுவரெல்லாம் ஈர வாசம். பட்டப்பகலிலும் லைட் போட வேண்டிய குளியலறை. அங்கே புது கேஸ் ஹீட்டரை மாட்டிவிட்டு மெக்கானிக் கிளம்பிக்கொண்டிருந்தார். புகைக்குழாயை வெளிச்சுவர் வழியாகத்தான் விட வேண்டும், இது கல்சுவர், துளைபோடும் மிஷின் நாளைக்குத்தான் வரும், அதுவரை யாரும் பற்றவைக்க வேண்டாம், புகை உள்ளே தேங்கினால் ஆளையே கொன்றுவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமியாருக்கு முகம் விழுந்துவிட்டது. பயணக் களைப்பில் குளிரில் நடுங்கும் மகளுக்கு ஒரு வாளி வெந்நீர் இல்லையே என்று.

"இதுக்கெல்லாமா மெக்கானிக்குக்குக் காத்திருக்கறது? நான் பாத்துக்கறேன் அத்தை," என்றார் மாப்பிள்ளை. சொந்த வீட்டில் ஒரு பல்பு மாட்டியறியாத மனுஷன்.

ஏணி போட்டு ஏறினார். கல்சுவர் அசைந்து கொடுக்கவில்லை. தலைக்கு மேலே பலகை அடைத்த பரண். ஒரு பலகையை நெம்பி உள்ளே எட்டிப் பார்த்தார். கும்மிருட்டு, பழைய கரி வாசம். டார்ச் வெளிச்சத்தில், துருப்பிடித்த ஒரு குழாய் தெரிந்தது. எங்கும் போகாமல், பரணுக்குள்ளேயே வாயைத் திறந்துகொண்டு நின்றது. வேறு யாராவது என்றால் அப்போதே இறங்கியிருப்பார்கள். இவருக்கோ உச்சி குளிர்ந்துபோனது. முன்பு இருந்தவர்களும் இப்படித்தானே விட்டிருக்கிறார்கள்! தன் குழாயையும் அதன் பக்கத்திலேயே நிறுத்திப் பலகையை மூடினார். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"வெளியதான விட்டிருக்கீங்க?" என்று கேட்டார் மாமனார்.

"ஆமா மாமா."

மனைவி குளிக்கப் போனாள். கூடத்தில் டீ வந்தது. மாப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை மாமியார் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தமும் மனைவியின் முணுமுணுப்புப் பாட்டும் கேட்டன.

அப்புறம் பாட்டு நின்றது.

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

யாரோ இருமினார்கள்.

அது மனைவியின் இருமல் இல்லை. பரண் பக்கமிருந்து, குழாய்க்குள்ளிருந்து வருகிற வறட்டு இருமல். மாமியாரும் மாமனாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் காதில் விழவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எழுந்து ஓட வேண்டும். ஓடினால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் மானம் போகும். டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். உள்ளே கட்டின மனைவி கிடக்க, அந்த டீயில் ஒரு வாய் குடித்தார் பாருங்கள், அந்த ஒரு வாய்தான் இன்றுவரை அவர் தொண்டையில் நிற்கிறது.

காதோரம் ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது.

"இங்க காத்தே இல்ல."

டம்ளர் உருண்டது. "குழாயை வெளிய விடல மாமா! பரண்லயே விட்டுட்டேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தோளால் இடித்தார். அசையவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் மெல்ல விலகும் சத்தம் கேட்டது.

கதவு திறந்துகொண்டது. மனைவி எதிர் மூலையில், நினைவில்லாமல் சுருண்டு கிடந்தாள்.

மாமனார் கேஸை அணைத்தார். புடவையைச் சுற்றி அவளை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். பிழைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவள் முதலில் கேட்டது இதுதான்: "தூங்கவிடாம என் கன்னத்துல ஒரு பொண்ணு தட்டிக்கிட்டே இருந்தாளே, அவ எங்கங்க?"

மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிடுங்க மாப்பிள்ளை," என்று எப்போதும்போலச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. தலை நிமிர முடியவில்லை.

மறுநாள் மெக்கானிக் சுவரைத் துளைத்து, ஜன்னலுக்கு எட்டாத இடத்தில் குழாயை வெளியே விட்டார். ஹீட்டரை ஓடவிட்டு, அதன் தலைப்பக்கம் ஒரு தீக்குச்சியை ஊதி அணைத்துப் பிடித்தார். புகை வளைந்து குழாய்க்குள் இழுபட்டது. அப்புறம் பரணில் ஏறிப் பழைய குழாயை அறுத்து இறக்கினார். அதையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முன்ன குடியிருந்தவங்க வீட்டு மருமகப் பொண்ணு ஒருத்தி குளிக்கப் போனவ..." என்று ஆரம்பித்து, "விடுங்க சார்," என்று நிறுத்திக்கொண்டார்.

அந்தக் குழாயை நானே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றார் மாப்பிள்ளை. அவரால் வேறு என்ன செய்ய முடியும்? கொல்லையில், தூறலில் நனைந்து கிடந்தது அது. எதிலும் சேராத வெறும் துரு. குனிந்து தொட்டார்.

சுட்டது.

அதன் வாயிலிருந்து அதே வறட்டு இருமல் வந்தது. அவர் அங்கேயே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிரும்மா," என்றார்.

இருமல் நின்றது.

அவர் கன்னத்தில் யாரோ மெல்லத் தட்டினார்கள்.