காற்றாலைக்குக் குடை பிடித்தவர்கள்

முப்பத்தோராவது டேக்கிலும் சென்னியப்பனுக்கு வெட்கம் வரவில்லை.

பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையாக அவர் நின்றிருந்தார். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு பொட்டல் காடு. எதிரில் பெண் படுத்திருந்தாள். பெண் என்றால், கழற்றிப் போட்ட காற்றாலை ஒன்றின் இறக்கை. நூற்றைம்பது அடி நீளம். மாப்பிள்ளை அதற்குக் குடை பிடித்து, தலையைக் குனிந்து, "பாட்டு ஏதாவது பாடுவீங்களா?" என்று வெட்கத்தோடு கேட்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. சென்னியப்பன் குடையைப் பிடித்தார், தலையைக் குனிந்தார், பிறகு நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இதுகிட்ட எதுக்குங்க நான் பாட்டுக் கேக்கோணும்?"

"எதுக்கும் இல்லீங்க" என்றாள் கருணாம்பிகை. இதையும் அவள் முப்பத்தோராவது முறையாகச் சொன்னாள்.

"எதுக்கும் இல்லாம எப்படீங்க கேக்கறது?"

அவர் மேல் எரிந்து விழுந்து ஒரு பயனும் இல்லை. சென்னியப்பன் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். நல்ல மனிதர், முகவெட்டும் உண்டு, எந்த மாடும் அவரை உதைத்ததில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வயது வரை காரணம் தெரியாமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தியவர் இல்லை. அவர் மட்டுமா? நாட்டில் யாருமே இல்லை. எல்லாம் ஏன்சொல்லி செய்த வேலை.

தயாரித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'காரண உரைப்பான்'. அந்தப் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை; ஊருக்கு அது ஏன்சொல்லிதான். காது குத்தும்போதே குழந்தையின் வலது காதுக்குப் பின்னால் அதையும் பொருத்திவிடுவார்கள். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். நாம் பார்ப்பதை அதுவும் பார்க்கும். 'ஏன்' என்று மனதில் தோன்றி முடிவதற்குள் ஒரே வரியில் காரணத்தைக் காதில் சொல்லிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஏன் முறைத்துக்கொண்டு போகிறார், பால் ஏன் திரிந்தது, குழந்தை ஏன் அழுகிறது, எல்லாவற்றுக்கும் அதனிடம் பதில் இருந்தது. ஏன்சொல்லிகள் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளும். ஒரு காது ஒப்புக்கொண்ட காரணம் மறுநாள் காலைக்குள் கோடிக் காதுகளுக்குப் போய்விடும். கேட்டவர் தலையாட்டினால் ஒப்புதல்; சிரித்தாலோ கைதட்டினாலோ பத்து மடங்கு ஒப்புதல்.

சண்டைகள் குறைந்தன, சந்தேகங்கள் ஒழிந்தன. கூடவே சிரிப்பும் ஒழிந்துபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை. கல்யாணப் பந்தியில் ஒருவர் சாம்பார் வாளியோடு தடுக்கி, மாப்பிள்ளையின் மாமா தலையில் அதை முழுசாகக் கவிழ்க்கிறார் என்று வையுங்கள். அரை நொடியில் பந்தி முழுவதற்கும் தெரிந்துவிடும்: புதுச் செருப்பு, இடது வார் அறுந்துவிட்டது. தெரிந்த பிறகு சிரிக்க என்ன இருக்கிறது? ரசம் கேட்பார்கள்.

கருணாம்பிகையும் அப்படித்தான் முப்பத்தாறு வருஷம் வாழ்ந்தாள். ஒருமுறை காதில் சீழ் பிடித்து, மருத்துவர் இரண்டு வாரம் ஏன்சொல்லியைக் கழற்றி வைக்கச் சொன்னார். அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள், பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் அறையின் கூரைமேல் ஓர் ஆடு நிற்பதைப் பார்த்தாள். கீழே நேரக் காப்பாளர் மும்முரமாக நேரம் குறித்துக்கொண்டிருந்தார். மேலே ஆடும் அதே முகத்தோடு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் என்று சொல்ல யாருமில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்படி ஒரு சுகத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை. அதன்பிறகு ஏன்சொல்லியை மாட்டவே இல்லை. ஊரில் அவளைச் சட்டை போடாமல் திரிகிறவளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்பை இருநூறு பேருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படம். தலையும் வாலும் இல்லாத காட்சிகளாக அடுக்கினால் ஏன்சொல்லிக்குக் காரணம் அகப்படாது, ஒரு நிமிஷமாவது வாயடைத்து நிற்கும், அந்த ஒரு நிமிஷத்தில் அரங்கம் சிரிக்கும். இதுதான் அவள் கணக்கு. தயாரிப்பாளர் என்று யாரும் கிடையாது. மொத்தக் குழுவே ஒன்பது பேர். பதினோரு நாளில் காற்றாலை இறக்கைகளை அறுத்து எடுத்துப்போக ஆள் வந்துவிடும். மூன்றாம் நாள் முடியப்போகிறது, முதல் காட்சியே முடியவில்லை.

படப்பிடிப்பில் ஏன்சொல்லியைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். விளைவு, பெண்ணின் அம்மாவாக நடிக்க வந்த பிலோமினா குடைநிழலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கருணாம்பிகையின் கல்லூரித் தோழி. இப்போது சரித்திர ஆசிரியை.

"முடியல கருணா. ஒரு காத்தாடிக்கு நான் எதுக்குப் பூ வெச்சு விடறேன்னு தெரியாம கை நடுங்குது."

"சும்மா வையேன். பூதானே?"

"சும்மா எப்படி வைக்கிறது?"

கருணாம்பிகை கையிலிருந்த காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். அது காற்றில் பறந்து இறக்கையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தும் யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போட்டுத் தொலைங்க, எல்லாரும் மாட்டிக்குங்க" என்றாள்.

எட்டுக் கைகள் எட்டுக் காதுகளுக்கு ஓடின. சென்னியப்பன் மாட்டிக்கொண்டு, குடையோடு இறக்கையின் முன் போய் நின்றார். காதைச் சாய்த்தார். வழக்கமாக அரை நொடியில் வருவது வரவில்லை.

"என்னங்க சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலீங்க. இருங்க... முக்குதுங்க."

இதற்குத்தானே கருணாம்பிகை காத்திருந்தாள்? ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள்.

"சொல்லிருச்சுங்க!" என்றார் சென்னியப்பன். "வெயில்ல கெடக்கறது சிரிக்குமாமா. நெழல்ல வெச்சாத்தான் பாடுமாமா. அதுக்குத்தான் கொடையாமா."

ஒளிப்பதிவாளர் லத்தீப்பிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, விக்கலைப்போல. பிலோமினா வாயைப் பொத்தினாள். அடுத்த நொடி எட்டுப் பேரும் சிரித்தார்கள். எப்படிச் சிரிப்பது என்று தெரியாமல், இருமலும் கனைப்புமாகச் சிரித்தார்கள். லத்தீப் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கருணாக்கா, வயிறு என்னமோ பண்ணுது" என்றான்.

"அதுதான்டா. அதேதான்!"

அடுத்த டேக்கில் மாப்பிள்ளை பாட்டுக் கேட்டார். வெட்கம் பாதிதான் வந்தது. பாதியே போதும் என்று கருணாம்பிகை முடித்துக்கொண்டாள்.

ஒரே ஷாட்டில் நீளமான காட்சி நன்றாக வந்துவிட்டால் மொத்த யூனிட்டும் கைதட்டுவது சினிமாவில் பழைய வழக்கம். அவள் அதை எல்லா டேக்குக்கும் சட்டமாக்கினாள். அர்த்தமில்லாததைச் செய்ய இந்த மனிதர்கள் கூச்சப்படுகிறார்கள், கைதட்டினால் கூச்சம் போகும் என்பது அவள் எண்ணம். எண்ணம் பலித்தது. பிலோமினா கிணற்றுக்குப் பஜ்ஜி ஊட்டினாள். சென்னியப்பன் தன் நிழலுக்கு மாலை போட்டு, அது வாடிவிட்டதாக அழுதார். ஒவ்வொரு முறையும் ஏன்சொல்லி முக்கி முனகி ஒரு காரணத்தைப் பெற்றுப்போட்டது, எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். எட்டு நாளில் நானூறு டேக், நானூறு கைதட்டல். யாருக்குக் கைதட்டுகிறோம் என்று அவள் யோசிக்கவே இல்லை.

பிறகு ஆறு மாதம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படத்தொகுப்பு. சாப்பாடு வாசலுக்கு வந்தது. நடுவில் ஒருநாள் பிலோமினா தொலைபேசியில் பேசினாள்.

"இன்னிக்கு ஸ்கூல் லீவு கருணா. தேசப் படத்தையெல்லாம் துவைக்கப் போட்டிருக்காங்க. கடல் அழுக்காயிடுச்சாம்."

கருணாம்பிகை வாய்விட்டுச் சிரித்தாள். "உனக்கே ஜோக்கெல்லாம் வர ஆரம்பிச்சிருச்சே!"

"என்ன ஜோக்?" என்று கேட்டாள் பிலோமினா.

கருணாம்பிகைக்கு வேலை தலைக்குமேல் இருந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு உடுமலையில் அரங்கம் கிடைத்தது. இருநூறு இருக்கையும் நிரம்பியது. கருணாம்பிகை கடைசி வரிசைக்குப் பின்னால், கதவை ஒட்டி நின்றாள். திரையில் மாப்பிள்ளை வந்தார், இறக்கைக்குக் குடை பிடித்தார், பாட்டுக் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை.

சரி, முதல் காட்சிதானே என்று பொறுத்தாள். கிணறு பஜ்ஜி தின்றது. நிழலுக்குப் போட்ட மாலை வாடியது. இருநூறு தலைகளும் மெல்ல ஆடின, கதாகாலட்சேபத்தில் ஆடுவதைப்போல. முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கனைப்புகூட எழவில்லை. படம் முடிந்து வெளியே வந்த ஒருவரைக் கருணாம்பிகை கிட்டத்தட்ட மறித்தே கேட்டாள்.

"படம் எப்படீங்க?"

"நல்ல குடும்பப் படமுங்க. நம்மூட்ல நடக்கற மாதிரியே எடுத்திருக்கீங்க."

"ஏனுங்க, ஒரு ஆளு காத்தாடி எறக்கையப் பொண்ணு பாக்கறான். கொடை புடிக்கறான். உங்களுக்கு ஒண்ணுமே தோணலீங்களா?"

அவர் அவளுடைய வெறும் காதைப் பார்த்தார். குரல் இரக்கமாக மாறியது. "பின்ன, வெயில்ல கெடந்தா சிரிக்குமில்லீங்க? புடிச்சுத்தானே ஆவோணும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும்போலிருந்தது. விடுவிடுவென்று பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். சென்னியப்பனும் பிலோமினாவும் லத்தீப்பும் பின்னாலேயே வந்தார்கள். மூவர் முகத்திலும் படம் வெற்றி என்ற நிம்மதி இருந்தது.

தாராபுரம் பேருந்தில் நாற்பது பேர் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லை. நடத்துநர் படியில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"பஸ் எப்பங்க எடுப்பீங்க?"

"இன்னிக்கு பஸ் போறதில்லீங்க. தாராபுரம்தான் வருது. வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோணும்."

"எப்ப இருந்து உக்காந்திருக்காங்க?"

"முந்தாநேத்துல இருந்துங்க." ஜன்னலோரம் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தாராபுரத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தார்.

கருணாம்பிகை திரும்பிப் பார்த்தாள். பிலோமினாவும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் மட்டும் இதுதான் சமயம் என்று சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"உங்ககிட்டக் காட்டோணும்னே வெச்சிருந்தனுங்க மேடம். ஏன்சொல்லிக்காரங்க அனுப்பிச்சிருக்காங்க."

பாராட்டுப் பத்திரம். தங்க ஓரம் வைத்து அச்சடித்திருந்தார்கள். 'மக்கள் இதுவரை எந்தக் காரணத்தையும் இவ்வளவு மகிழ்ச்சியோடு ஏற்றதில்லை. தங்கள் குழுவினர் சிரித்துக் கைதட்டி ஒப்புக்கொண்ட நானூறு காரணங்களையே முன்மாதிரியாகக் கொண்டு, இனி எல்லாக் காரணங்களும் இம்முறையிலேயே உரைக்கப்படும். நன்றி.'

அவள் இரண்டு முறை படித்தாள். நானூறு கைதட்டல். அதைச் சட்டமாக்கியது யார்? அவளேதான். முதலாவதாக ஓங்கித் தட்டியதும் அவள்தான். ஏன்சொல்லியின் வாயை அடைக்கப் போய், எதற்கும் எதையும் சொல்லி ஊர் முழுக்கக் காதில் ஓதலாம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பதற்கும் ஒரு காரணம் அரை நொடியில் வந்துவிடும்.

அப்போது பேருந்துக்குள்ளிருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டி, "தாராபுரம் வந்தா கொஞ்சம் எழுப்பி உடுங்க" என்றார்.

அவளால் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். நல்ல உச்சி வெயிலில், நடைபாதையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருநூறு பேர் சிரித்திருக்க வேண்டியதை அவள் ஒருத்தியே சிரித்துத் தீர்த்தாள். பாதியில் அது அழுகையாகவும் இருந்தது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அரை நொடி போயிற்று. வெயிலில் கிடப்பது சிரிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பேருந்திலிருந்து ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள். குடை வைத்திருந்தவர்கள் விரித்தார்கள். இல்லாதவர்கள் துண்டை விரித்துப் பிடித்தார்கள். பிலோமினா தன் கொண்டையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி எடுத்து, கை நடுங்காமல் தோழியின் தலையில் வைத்துவிட்டாள். சென்னியப்பன் தன் கறுப்புக் குடையை அவள் தலைக்குமேல் பிடித்துத் தலையைக் குனிந்தார். காது மடல் சிவந்தது. கால் கட்டைவிரல் தரையில் கோடு போட்டது.

"பாட்டு ஏதாவது பாடுவீங்களா?"

முப்பத்தோரு டேக்கில் வராத வெட்கம் முழுசாக வந்திருந்தது. எள்ளளவு குறை சொல்ல முடியாது.

கருணாம்பிகை தன்னையறியாமல் லத்தீப்பைத் தேடினாள். "எடுத்தியாடா?"

லத்தீப் கையில் கேமரா இல்லை. அவன் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவள் பாடுவதற்காகப் பணிவாகக் காத்திருந்தான்.

பழக்கத்தில் அவளுடைய இரண்டு கைகளும் தட்டுவதற்கு மேலே எழுந்தன. சட்டென்று உணர்ந்து, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவளுக்கும் சேர்த்து கூட்டம் கைதட்டியது.